குறி, ஜோசியம், உள்ளுணர்வு: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வட ஆற்காடு மாவட்டம் இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலாகிவிட்டது. எத்தனை துண்டாகப் பிரித்தாலும் குறி கேட்காத தெரு இங்கே கிடையாது. "சயின்ஸ் வாத்தியார்தானே, நீங்க சொல்லுங்க" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளைச் சேர்த்து எழுதியிருக்கிறேன். சாமி உண்டா இல்லையா என்பது இதில் வராது. அது வேறு கச்சேரி.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். நடக்கப்போவதை முன்கூட்டியே அறியும் சக்தி யாருக்காவது இருக்கிறதா?

சோதித்துப் பார்த்தவரை இல்லை. அதற்காகக் குறி சொல்பவரிடம் சரக்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நிறைய இருக்கிறது: கூர்மையான கண், நல்ல காது, பல வருடம் பல வாசல் ஏறி இறங்கிய அனுபவம், எதிராளி பேசும்வரை காத்திருக்கும் பொறுமை. இவை எல்லாமே மனிதத் திறமைகள்.

ஒருவருக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது என்றால் அது ஏதோ ஒரு வழியாக அவரிடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். பார்த்திருப்பார், கேட்டிருப்பார், ஊகித்திருப்பார், பக்கத்து வீட்டில் விசாரித்திருப்பார், இல்லாவிட்டால் நாமே நம்மை அறியாமல் சொல்லியிருப்போம். எந்த வழியாக வந்தது என்று தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த ஒரே தேடல்தான்.

வாசலுக்கு வந்த குறிக்கார அம்மா எங்கள் வீட்டு விஷயத்தை அப்படியே புட்டுப் புட்டு வைத்தாரே?

அந்தப் பேச்சை ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். வருவது காலை பத்தரை மணிக்கு மேல். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். திண்ணையில் மருந்துக்கடை கவர் கிடக்கிறதா, கொடியில் யார் யார் துணி காய்கிறது, வாசலில் யார் செருப்பு இருக்கிறது என்பதெல்லாம் உட்காருவதற்குள் கண்ணில் பட்டுவிடும். அப்புறம் பேச்சு இப்படிப் போகும்:

"தாயே, மனசுல ஒரு பாரத்தை வச்சிருக்கே. ஒண்ணு உடம்பு, ஒண்ணு காசு, ஒண்ணு பிள்ளை."

பிள்ளை என்றதும் வீட்டம்மாவின் கண் ஒரு நொடி தாழ்கிறது.

"பிள்ளைதான் தாயே. பெத்தவ கண்ணுக்கு எட்டாத தூரத்துல மனசு வச்சிருக்குது."

"பெங்களூர்ல கீறாம்மா."

"அதான் சொல்றேன். வந்த வேலை கையில நிக்கல."

"ஆமா, ரெண்டு கம்பெனி மாறிட்டான்."

"வரன் வருது, வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போவுது."

வீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிடுகிறது. சாயங்காலம் கணவரிடம் சொல்லும்போது கதை இப்படி ஆகிவிடும்: "பையன் பெங்களூர்ல இருக்கான், ரெண்டு கம்பெனி மாறிட்டான், வரன் தட்டிப் போவுதுன்னு அந்தம்மா அப்படியே சொல்லிச்சுங்க!" பெங்களூர் என்ற பேச்சை எடுத்தது யார் என்று மேலே போய்ப் பாருங்கள். கம்பெனி மாறியதையும் குறிக்காரர் சொல்லவில்லை. கல்யாண வயதுப் பையனுக்கு வரன் தட்டிப்போகாத வீடு எத்தனை? காட்பாடியில் ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் பெங்களூர் என்பதால், நம் பக்கத்துப் பிள்ளைகளில் பாதி அங்கேதான் இருக்கும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

இதில் வீட்டம்மா பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்யும். கேட்டதையும் சொன்னதையும் தனித்தனியாக எடுத்து வைக்காது, முடிவை மட்டும் வைத்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் அடுத்த முறை பேச்சைப் போனில் பதிவு செய்துவிட்டு, ராத்திரி போட்டுக் கேளுங்கள்.

கேள்வியே கேட்காமல் சொன்ன பலனும் சரியாக இருந்ததே?

"வெளியே சிரித்தாலும் உள்ளே ஒரு வேதனை. பணம் வரும், தங்காது. நீங்கள் உதவி செய்தவர்களே உங்களை மறந்துவிட்டார்கள். கோபம் வரும், ஆனால் மனசில் வைத்துக்கொள்ளமாட்டீர்கள்."

இது உங்களுக்குப் பொருந்துகிறதா? எனக்கும் பொருந்துகிறது, எதிர்வீட்டுக்காரருக்கும் பொருந்துகிறது. 1948-ல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்களுக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவர் கையிலும் "இது உங்களுக்கான முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலைத் தாண்டியது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். வாசகங்களை அவர் எடுத்தது கடையில் விற்கும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து.

கிளி ஜோசியத்தில் கிளிக்கு என்ன தெரியும்?

கோட்டைப் பக்கம், கோவில் வாசல் என்று முன்பு நிறையப் பார்த்திருப்பீர்கள். கிளிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எப்போது நிறுத்தினால் நெல்மணி கிடைக்கும் என்பது. வரிசையாகச் சீட்டை இழுத்துப் போடும், ஜோசியரின் விரலோ உடலோ காட்டும் சின்ன அசைவில் நிறுத்தும். எந்தச் சீட்டில் நிறுத்தினாலும் பலன் சொல்லப்போவது மனிதர்தான்.

மிருகங்கள் நம் உடலசைவை எவ்வளவு நுட்பமாகப் படிக்கும் என்பதற்கு ஹான்ஸ் என்ற ஜெர்மன் குதிரையின் கதை இருக்கிறது. கூட்டல் கழித்தல் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும். பெர்லினே அதிசயப்பட்டது. 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்ததில், கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வி என்றால் குதிரையும் தோற்றது தெரியவந்தது. சரியான எண் வரும்போது கேட்பவரின் தலை துளி நிமிர்வதைப் பார்த்துத்தான் அது நிறுத்தியிருக்கிறது. தான் தலையை அசைப்பது கேட்டவருக்கே தெரியாது. குதிரைக்கு இது முடியும் என்றால், முப்பது வருடம் தொழில் செய்யும் மனிதருக்கு முடியாதா?

இன்னொன்று: பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2024 தேர்தலின்போது கடலூரில் ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று சீட்டெடுத்த கிளியை வனத்துறை மீட்டது, ஜோசியர் கைதானார். வேட்பாளரும் ஜெயிக்கவில்லை.

குடுகுடுப்பைக்காரர் சொன்னால் பலிக்குமா?

"நல்ல காலம் பொறக்குது" என்பது என்றைக்காவது ஒருநாள் பலிக்கத்தானே செய்யும். விடியற்காலையில் சொல்வதால் பயம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

நாடி ஜோசியத்தில் என் அப்பா அம்மா பெயரையே சொன்னார்களே! அது எப்படி முடியும்?

வைத்தீஸ்வரன்கோவில்தான் இதற்குத் தலைமையிடம் என்றாலும் நம் ஊர்களிலும் பலகை மாட்டியிருக்கிறார்கள். நடைமுறையைக் கவனியுங்கள். கட்டை விரல் ரேகையைக் கொடுத்த பிறகு கட்டுக் கட்டாகச் சுவடி வரும். ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு வரி படித்து, "ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க" என்பார். "தகப்பனார் பெயர் நாலெழுத்துக்குள் வரும்?" இல்லை. அந்த ஏடு உங்களுடையது இல்லை, ஒதுக்கியாயிற்று. "பெயரில் ஒரு தெய்வத்தின் பெயர் இருக்கும்?" ஆமா. "பெருமாள் பெயர்?" இல்லை. "முருகன் பெயர்?" ஆமா.

ஆமா, இல்லை என்று இருபது பதில் கொடுத்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாத்தியங்களில் ஒன்றைப் பிரித்தெடுத்துவிடலாம். ஒவ்வொரு பதிலும் பாதியைக் கழிக்கிறது, கணக்கு அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் இருபது என்ன, நூறு பதிலே கொடுத்திருப்பீர்கள். கடைசியில் "உன் ஏடு கிடைத்துவிட்டது" என்று ராகம் போட்டுப் படிக்கும்போது எல்லாம் மொத்தமாக வரும். உடல் சிலிர்க்கும். சிலிர்ப்பு நிஜம், ஏட்டில் எழுதியிருந்தது என்பதுதான் நிஜமில்லை. சோதிக்க வேண்டும் என்றால் ஒன்று செய்யுங்கள்: ரேகையை மட்டும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காதீர்கள், தலையையும் ஆட்டாதீர்கள். ஏடு கிடைக்கவில்லை, இன்னொரு நாள் வாருங்கள் என்பார்கள்.

போர் போடும் முன் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறோம். அதுவும் பொய்யா? என் நிலத்தில் தண்ணீர் வந்ததே!

நம் மாவட்டத்தில் அதிகம் பணம் புழங்கும் குறி இதுதான். ஜாதகத்துக்கு நூறு, இருநூறு. போர் தவறினால் லட்சங்கள் மண்ணுக்குள் போகும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

உள்ளங்கையில் குடுமித் தேங்காயைப் படுக்க வைத்து நடப்பார். ஓர் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். சிலர் வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அது சட்டென்று கீழே வளையும். பார்ப்பவர் ஏமாற்றுகிறாரா? பெரும்பாலும் இல்லை. தன் கை அசைவது அவருக்கே தெரிவதில்லை. படுத்திருக்கும் தேங்காயும் இறுக்கிப் பிடித்த கவட்டையும் தடுமாறும் நிலையில்தான் இருக்கின்றன. மணிக்கட்டு நூலளவு சாய்ந்தாலும் போதும், அதைப் பல மடங்காக்கிக் காட்டிவிடும். மனம் "இங்கேதான்" என்று நினைத்தால் தசை முந்திக்கொள்கிறது.

இது பழைய கண்டுபிடிப்பு. 1833-லேயே பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரெல், நூலில் கட்டிய ஊசல் தானாக ஆடுவதாகத் தோன்றுவதை ஆராய்ந்து, கண்ணைக் கட்டியதும் ஆட்டம் அடங்கிவிடுவதைக் கண்டார். 1853-ல் மைக்கேல் ஃபாரடே, ஆவிகள் மேசையைச் சுழற்றுவதாகச் சொன்ன கூட்டத்தில் புகுந்து, கை வைத்தவர்களே தள்ளுகிறார்கள் என்று கருவி வைத்துக் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். மோதிரத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, வட்டமாகச் சுற்றப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பாருங்கள். சுற்றும். கண்ணை மூடிக்கொண்டால் குழம்பும்.

சரி, தண்ணீர் எப்படி வந்தது? இரண்டு காரணம். நம் பகுதி பெரும்பாலும் கடினப்பாறை. மேலே சிதைந்த பாறைப் பகுதியிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர். பூமிக்கடியில் ஆறு மாதிரி ஓடுகிறது என்பது கற்பனை. மழை நன்றாக இருந்த வருடத்தில், பாலாற்றை ஒட்டியோ ஏரிக்குக் கீழேயோ எங்கே துளைத்தாலும் கொஞ்சமாவது வரும். தேங்காய் நின்ற இடத்தில் வந்தது என்பதோடு, நிற்காத இடத்தில் வராமல் போனதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே யாரும் போர் போடுவதில்லையே!

இரண்டாவது காரணம், அனுபவசாலிக்கு நிலம் படிக்கத் தெரியும். சரிவு எந்தப் பக்கம், வரப்பில் எந்த மரம் கோடையிலும் பச்சையாக நிற்கிறது, புற்று எங்கே, பக்கத்துத் தோட்டத்து போர் எத்தனை அடி, எல்லாம் அவர் மனதில் ஓடும். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் மரத்தையும் புற்றையும் வைத்து நிலத்தடி நீரை ஊகிப்பதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்தக் குறிப்புகளில் சரி தவறு இரண்டும் உண்டு, ஆனால் அங்கே கவனிப்பு இருக்கிறது. நீரோட்டம் பார்க்கும் பெரியவரின் அறிவுக்கு மரியாதை கொடுங்கள். தேங்காய் அந்த அறிவுக்கு ஒரு முள் மாதிரி, தராசின் முள் எடையைக் காட்டுமே தவிர எடையை உண்டாக்காது.

ஜெர்மனியில் 1980-களின் கடைசியில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். சுமார் 500 பேரிலிருந்து தேர்ந்தெடுத்த 43 பேர், ஒரு கொட்டகையின் மாடியில் நடந்து, கீழ்த்தளத்தில் தண்ணீர்க் குழாய் எங்கே நகர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சோதனைகள் 843. நடத்தியவர்கள் சிலருக்குத் திறமை இருப்பதாக எழுதினார்கள். அதே எண்களை ஜிம் என்ரைட் என்ற அமெரிக்க விஞ்ஞானி மறுபடி அலசி, 1999-ல், குருட்டாம்போக்கில் சொன்னாலும் இதே முடிவுதான் வரும் என்று காட்டினார். மாடியில் மரமும் இல்லை, சரிவும் இல்லை, புற்றும் இல்லை. தகவல் வரும் வழி அடைபட்டதும் திறமை போய்விட்டது.

உங்கள் நிலத்திலேயே செய்யக்கூடிய சோதனை: நீரோட்டம் பார்ப்பவர் குறித்த இடத்தில் சின்னக் கல் வைத்து மண் தூவி மறைத்துவிடுங்கள். பிறகு அவர் கண்ணைக் கட்டி, நாலு சுற்றுச் சுற்றவிட்டு, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அதே இடம் வருகிறதா? போர் போடும் முன் நிலத்தின் மின்தடையை அளந்து பார்க்கும் நிலவியலாளரைக் கூப்பிடுவதே மேல். அவருக்கும் தவறும், ஆனால் எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டால் காகிதத்தில் காட்டுவார்.

சாமி வந்து ஆடுவது நடிப்பா?

நடிப்பவர்களும் உண்டு, ஆனால் பலருக்கு அது நடிப்பில்லை. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றவர்களுக்குத் தெரியும். பம்பையும் உடுக்கையும் ஒரே தாளத்தில் ஏற ஏற, வைகாசி வெயில், விரதத்தால் காய்ந்த வயிறு, கற்பூரப் புகை, சுற்றிலும் "அம்மா தாயே" என்ற குரல். இத்தனையும் சேர்ந்தால் தன்னைப் பற்றிய கவனம் விலகி, உடல் தானாக இயங்குவதுபோல் ஆகிவிடும். உலகத்தின் பல மூலைகளில் இந்த நிலை இருக்கிறது. எந்த ஊரில் எந்தத் தெய்வத்தை எதிர்பார்க்கிறார்களோ அதுதான் வரும். குடியாத்தத்தில் கெங்கையம்மன் வருவாளே தவிர, ஆப்பிரிக்கத் தெய்வம் வருவதில்லை.

அந்த நிலையில் சொல்லும் வாக்கு எங்கிருந்து வருகிறது? அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு யார் வீட்டில் சொத்துத் தகராறு, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். சாதாரண நாளில் வாய் திறக்க முடியாத மருமகள், சாமி வந்த நேரத்தில் மாமியாரையே கேள்வி கேட்கலாம். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஊர் அதற்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது.

விழாவில், கட்டுக்குள், வந்து போகிற நிலையை மருத்துவமும் நோய் என்று சொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே, மத வழக்கத்தின் பகுதியாக ஏற்கப்பட்டதை நோய்க்கணக்கில் சேர்க்கக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் விழா இல்லாத நாளில், விருப்பமில்லாமல், அடிக்கடி வந்து, தூக்கமும் சாப்பாடும் கெட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. போக முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-க்கு அழைத்தால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

அங்கே போனால் "செய்வினை" என்று சொன்னதற்காகத் திட்டுவார்களா?

திட்டமாட்டார்கள். சிஎம்சி மனநல மருத்துவர்கள் நம் பகுதி நோயாளிகளிடம் கேட்டு எழுதிய ஆய்வுகளிலேயே இது வருகிறது: ஒரே ஆள் ஒரே நேரத்தில் "செய்வினையும் இருக்கலாம், மூளை நோயும் இருக்கலாம்" என்று நினைப்பது இங்கே சகஜம். கோவிலுக்கும் போவார், மாத்திரையும் சாப்பிடுவார். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் மந்திரவாதியிடம் மட்டும் போகாமல் இருந்தால் சரி.

விரிஞ்சிபுரத்தில் கடைஞாயிறு அன்று கனவு வந்து குழந்தை பிறந்தவர்கள் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். கார்த்திகைக் கடைசி ஞாயிற்றுக்கு முந்தின நள்ளிரவில் மார்க்கபந்தீஸ்வரர் கோவில் குளத்தில் மூழ்கி, ஈரச் சேலையோடு பிரகாரத்தில் படுத்துக்கொள்ளும் பெண்களைப் பார்த்தால், கேலி செய்யும் வாய் மூடிக்கொள்ளும். கனவில் பூவோ பழமோ வந்தால் குழந்தை உண்டு என்பது நம்பிக்கை. பழைய கிரேக்கர்களும் எபிடாரஸ் என்ற ஊரில் மருத்துவக் கடவுளின் கோவிலில் இப்படிப் படுத்துக் கனவு கண்டார்கள். மாதக்கணக்காக ஒன்றையே நினைத்துக்கொண்டு, அதற்காகவே பயணப்பட்டு வந்து, அதை எதிர்பார்த்தே படுத்தால் கனவு அதைச் சுற்றித்தான் வரும்.

குழந்தை விஷயத்தில் ஒரு கணக்கு தெரிந்திருப்பது நல்லது. முதல் ஒரு வருடத்தில் கருத்தரிக்காத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இரண்டாவது வருடத்தில் சிகிச்சை இல்லாமலே கருத்தரிக்கிறார்கள். ஆகவே முதல் வருட ஏமாற்றத்தோடு வந்து படுத்தவர்களில் பலருக்கு அடுத்த கார்த்திகைக்குள் நல்ல செய்தி வரத்தான் செய்யும். போங்கள், படுங்கள், அதோடு கணவனும் மனைவியும் சேர்ந்து டாக்டரையும் பாருங்கள். (அங்கே போனால் கோவிலுக்குள் இருக்கும் நேரம் காட்டும் கல்லை விட்டுவிடாதீர்கள். குச்சியை வைத்தால் நிழல் விழும் எண்தான் மணி. வெயிலையும் நிழலையும் கவனித்த யாரோ செதுக்கியது.)

தாத்தா இறந்துபோவதாகக் கனவு கண்டேன். மறுநாளே இறந்துவிட்டார். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

முதலில், வருத்தம். அப்புறம் ஒரு கணக்கு. வேலூர் மாவட்டத்தில் சுமார் 16 லட்சம் பேர். ஒவ்வொருவரும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வயதான உறவினர் ஒருவர் இறப்பதாகக் கனவு காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 3,20,000 கனவு. வயதானவர்களில் வருடத்துக்கு நூற்றுக்கு நாலு பேர் இறப்பதாக வைத்தால், ஒரு குறிப்பிட்ட நாளில் இறக்கும் வாய்ப்பு சுமார் 9,000-ல் ஒன்று. 3,20,000-ஐ 9,000-ஆல் வகுத்தால் 35 வருகிறது. எந்த சக்தியும் இல்லாமலே, நம் ஒரு மாவட்டத்தில் மட்டும் வருடத்துக்கு முப்பத்தைந்து வீடுகளில் இது நடக்கும் என்று அர்த்தம். எண்கள் நான் வைத்துக்கொண்ட ஊகம்தான், வேண்டுமானால் பாதியாக்கிக் கொள்ளுங்கள், அப்போதும் பதினேழு வருகிறது. அந்த வீடுகளின் கதை தலைமுறைக்கும் பேசப்படும். கனவு கண்டு ஒன்றும் நடக்காத மூன்று லட்சம் இரவுகளை யாரும் பேசுவதில்லை. தாத்தாவுக்கு ஏற்கனவே உடம்பு சரியில்லை என்றால் அந்தக் கனவு வரும் வாய்ப்பும் கூடுதல்.

வெற்றிலையில் மை தடவிப் பார்த்தால் திருடன் முகம் தெரியும் என்கிறார்களே?

மங்கிய வெளிச்சத்தில், பளபளக்கும் ஒன்றை விடாமல் உற்றுப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது தெரியும். இத்தாலியில் ஜியோவானி கபுட்டோ 50 பேரை மங்கலான அறையில் பத்து நிமிடம் கண்ணாடி பார்க்க வைத்தார். மூன்றில் இரண்டு பங்குக்காரர்களுக்குத் தங்கள் முகமே கோரமாக மாறித் தெரிந்தது. 2010-ல் இதை வெளியிட்டார். மை பார்க்க உட்கார வைப்பது சின்னப் பிள்ளையை. "மீசை இருக்கா? கறுப்பா? நம்ம தெருவா?" என்று பெரியவர்கள் கேட்கக் கேட்கப் பிள்ளை யாரையோ பார்த்துவிடும். வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பெயர் இப்படி அடிபட்டு அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போன கதைகள் உண்டு. நகை காணாமல் போனால் போலீசுக்குப் போங்கள்.

உள்ளுணர்வு என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் தரம் பிரிப்பவர்களைப் பாருங்கள். மேசையில் தோலை விரித்த வேகத்தில் ஒரு கை தடவும், கண் ஒரு ஓட்டம் ஓடும், "மூணாவது" என்று தள்ளிவிடுவார். ஏன் என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது. நிதானமாகக் கேட்டால் வயிற்றுப் பக்கம் இளகியிருப்பதையும், உண்ணிக் கடித் தழும்பையும், ஆடு உயிரோடு இருந்தபோது விழுந்த முள்கீறலையும் காட்டுவார். ஆயிரக்கணக்கான தோல்களைப் பார்த்த அனுபவம், சொல்லாக மாறும் முன்பே முடிவாக மாறிவிடுகிறது. நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன் உள்ளுணர்வை இப்படித்தான் விளக்கினார்: ஏற்கனவே பார்த்ததை அடையாளம் கண்டுகொள்வது. இரவுப் பணி நர்ஸ் ஒருவர் "இந்தப் பேஷண்ட் பார்வை சரியில்லை" என்று டாக்டரைக் கூப்பிடுவதும் இதே ரகம்.

எந்த உள்ளுணர்வை நம்பலாம்? தப்புச் செய்தால் உடனே தெரிந்துவிடும் தொழிலில் வளர்ந்த உள்ளுணர்வை நம்பலாம். தரம் தவறினால் தோல் திரும்பி வரும். ஜோசியர் சொன்னது தப்பிப்போனால் யார் திரும்பப் போய்ச் சொல்கிறோம்?

ஜாதகம் கணக்குத்தானே? அதையும் இதில் சேர்க்கலாமா?

கிரகம் எங்கே இருக்கிறது என்பது கணக்கு. அதனால் உங்களுக்கு என்ன ஆகும் என்பது கணக்கில்லை. முதல் பாதியிலேயே நம்மிடம் இரண்டு பஞ்சாங்கம். சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 17-1-2023, வாக்கியப்படி 20-12-2023. பதினோரு மாதம் வித்தியாசம். அந்தப் பதினோரு மாதமும் ஏழரை உங்களைப் பிடித்திருந்ததா இல்லையா என்பது நீங்கள் எந்தக் கடையில் பஞ்சாங்கம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது!

இரண்டாவது பாதியை மகாராஷ்டிரத்தில் வானியலாளர் ஜெயந்த் நர்லிகர், மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் நரேந்திர தாபோல்கர் முதலியோர் 2008-ல் சோதித்தார்கள். நன்றாகப் படிக்கும் 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், அவர்களின் ஜாதகம். 27 ஜோசியர்கள், ஆளுக்கு 40 ஜாதகம், எது எந்த வகை என்று பிரிக்க வேண்டும். சராசரியாகச் சரியானது 46 சதவீதம். நாணயம் சுண்டியிருந்தால் 50 வந்திருக்கும்.

வானத்தைப் பார்க்க ஆசையென்றால் நம் பக்கத்திலேயே ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. அங்கே உள்ள வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்துதான் 1988-ல் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். யார் ஜாதகத்திலும் அதற்கு இடமில்லை.

விஞ்ஞானிகள் திறந்த மனதோடு ஆராய்ந்தார்களா, சும்மா மறுக்கிறார்களா?

ஆராய்ந்தார்கள், காசு கொட்டி ஆராய்ந்தார்கள். அமெரிக்காவில் ஜே. பி. ரைன் 1930-களில் சீட்டு வைத்து மனம் படிக்கும் சோதனைகளை நடத்தினார். முதலில் அதிசய எண்கள் வந்தன. சீட்டின் பின்பக்கம் தெரிவது, முகபாவம் தெரிவது போன்ற ஓட்டைகளை அடைக்க அடைக்க எண்கள் இறங்கின. தொலைவில் இருப்பதை மனத்தால் பார்க்கும் உளவாளிகளை உருவாக்க அமெரிக்க அரசு இரண்டு கோடி டாலர் அளவுக்குச் செலவழித்து, உளவுக்கு ஒரு தடவைகூடப் பயன்படவில்லை என்ற மதிப்பீட்டோடு 1995-ல் மூடியது.

சக்தியைச் சோதனையில் நிரூபித்துக் காட்டுபவருக்குப் பரிசும் அறிவித்துப் பார்த்தாயிற்று. இலங்கையில் ஆபிரகாம் கோவூர் 1963 முதல் ஒரு லட்சம் ரூபாய், நம் கோவைப் பக்கம் போத்தனூரில் பிரேமானந்த், அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி பத்து லட்சம் டாலர். யாரும் வாங்கவில்லை.

நம்பிவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

நூறு ரூபாய் கொடுத்து அரைமணி நேரம் மனதைக் கொட்டிவிட்டு வந்தால் நஷ்டமில்லை. நம் வீட்டுப் பெண்களின் பேச்சை வேறு யார் அரைமணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்கிறார்கள்? நஷ்டம் ஆரம்பிப்பது இரண்டாவது வருகையில். "தோஷம் இருக்கு, கழிக்கணும்" என்று தொடங்கி, ஐயாயிரம், ஐம்பதாயிரம், மூக்குத்தி, செயின் என்று ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் கழிப்புக்காக வாங்கிய கந்துவட்டிக் கடனே பெரிய தோஷமாகிவிட்டது. பயத்தைக் காட்டிக் காசு கேட்ட நிமிடம் எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை ஏமாந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம். தாயத்து, மந்திரத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதும் 1954-ஆம் ஆண்டு மத்தியச் சட்டப்படி குற்றம்.

வீட்டுப் பெரியவர்கள் மனம் நோகாமல் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

எல்லாவற்றுக்கும் சண்டை போடாதீர்கள். பல்லி கத்தினால் ஆயா "கிருஷ்ணா கிருஷ்ணா" என்று தரையைத் தட்டட்டும். முகூர்த்தத்துக்கு நேரம் பார்த்தால் பார்க்கட்டும், மண்டபம் கிடைப்பதுதான் கஷ்டம். "உங்களுக்கு அறிவே இல்லை" என்று ஆரம்பித்தால் அத்தோடு பேச்சு முடிந்தது. "அவர் அதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டிருப்பார் ஆயா?" என்று கேளுங்கள். ஆயாவே யோசித்து, "ஒருவேளை பால்காரன் சொல்லியிருப்பான்" என்பார்.

வரன் ஜாதகம் பொருந்தவில்லை என்று ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்ப நிறுத்தி வைத்தால் பேசுங்கள். டாக்டர் இன்றைக்கே ஆபரேஷன் என்று சொல்லும்போது அஷ்டமி, நவமி என்று தள்ளிப்போட்டால், அங்கே மட்டும் குரலை உயர்த்தியே பேசுங்கள். முதலில் படிவத்தில் கையெழுத்துப் போட வையுங்கள், சமாதானம் அப்புறம் செய்துகொள்ளலாம்.